ஹேண்டில் திருப்பி அடித்தால் யார் தப்பு?

(கொஞ்சம் நீளமான த்ரெட். பழைய காரைப் பற்றி ஆரம்பித்து மணிக்கட்டு எலும்பு வழியாக வேறொரு இடத்துக்குப் போகும். பொறுமையாகப் படியுங்கள்.)

1/
மூன்று மாதத்துக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை. எனக்கு கேஷுவாலிட்டி டூட்டி. வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்தபடி ஒருவர் உள்ளே வந்தார். சீட்டில் வயது 58 என்று இருந்தது. மணிக்கட்டு நன்றாக வீங்கியிருந்தது. எண்ணெய் தடவி, அதன் மேல் வேட்டித் துணியைக் கிழித்து இறுக்கிக் கட்டியிருந்தார்.

"எங்க விழுந்தீங்க ஐயா?"

"விழல சார். கார் அடிச்சிருச்சு."

"ரோட்டுல போகும்போதா?"

"இல்ல சார். கார் நின்னுட்டுதான் இருந்துச்சு."

2/
எனக்குப் புரியவில்லை. உட்கார வைத்து விசாரித்தேன். (அடையாளம் தெரியக் கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எழுதலாமா என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன்.)

அவர் ஒரு வீட்டில் டிரைவர். அந்த வீட்டில் 1930களில் வந்த மோரிஸ் 8 கார் ஒன்று இருக்கிறது. கல்யாண மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்குப் போகும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளை மாலையோடு நிற்கிறார், நாதஸ்வரக்காரர்கள் தயார், காரில் பேட்டரி இறங்கியிருக்கிறது. முன்னால் ஹேண்டில் போட்டு சுற்றியிருக்கிறார். இரண்டு சுற்றில் கிளம்பவில்லை. மூன்றாவது முறை வலது கையால் வேகமாக மேலிருந்து கீழே அழுத்தியபோது ஹேண்டில் எதிர்த்திசையில் திருப்பி அடித்துவிட்டது.

அப்புறம் வேறு வண்டியில் ஊர்வலம் நடந்திருக்கிறது. இவர் வலியோடு இரண்டு நாள் வீட்டில் இருந்துவிட்டு எங்களிடம் வந்திருக்கிறார்.

3/
ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். எக்ஸ்ரேயின் பக்கவாட்டுப் படத்தை முதலில் பார்த்தேன். பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. "சவ்வு பிசகியிருக்கும், கட்டுப் போட்டு மாத்திரை கொடுத்து அனுப்பலாம்" என்ற எண்ணம் வந்தது. வெளியே இன்னும் முப்பது பேர் நிற்கிறார்கள்.

ஆனால் கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டு எலும்பின் நுனியை லேசாகத் தொட்டதுமே மனிதர் துடித்துப் போனார். நேர்ப் படத்தைத் திரும்ப வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். ரேடியஸ் எலும்பின் கூர் நுனியில் சாய்வாக ஒரு கோடு. அந்தக் கோடு மூட்டுக்குள்ளேயே போய் முடிகிறது. துண்டு கொஞ்சம் நகர்ந்தும் இருந்தது.

எம்பிபிஎஸ் படிக்கும்போது பெயரை மட்டும் மனப்பாடம் செய்த முறிவு அது. ஷோஃபர் ஃபிராக்சர். தமிழில் சொன்னால் டிரைவர் முறிவு. வைவாவில் கேட்பார்கள் என்று படித்தது. அந்த முறிவு ஒரு நிஜ டிரைவரின் கையிலேயே வந்து நின்றது.

4/
எலும்பு முறிவுகளுக்குப் பெரும்பாலும் அதை விவரித்த டாக்டரின் பெயரை வைப்பார்கள். மணிக்கட்டில் அதிகம் பார்க்கும் முறிவு காலிஸ் ஃபிராக்சர். 1814ல் அதைப் பற்றி எழுதிய டப்ளின் சர்ஜன் ஆபிரகாம் காலிஸ் பெயர் அது. வழுக்கி விழுந்து கையை ஊன்றும் பாட்டிகளிடம் நாங்கள் தினமும் பார்ப்பது.

இந்த முறிவுக்கும் ஹட்சின்சன் என்ற ஆங்கில சர்ஜனின் பெயர் உண்டு. ஆனால் நின்றது "ஷோஃபர்" என்ற பெயர்தான். ஷோஃபர் என்பது பிரெஞ்சுச் சொல். மூலப் பொருள் சூடேற்றுபவர், அதாவது நீராவி இன்ஜினுக்குத் தீ போடுகிற ஆள். பிறகு கார் ஓட்டும் சம்பள டிரைவருக்கு அதே சொல் வந்தது.

ஒரு தொழில் செய்பவர்கள் வரிசையாக ஒரே எலும்பை ஒரே மாதிரி உடைத்துக்கொண்டு வந்தார்கள். அதனால் முறிவுக்கே தொழிலின் பெயர் ஒட்டிக்கொண்டது. இந்த த்ரெட்டில் நான் சொல்ல வருவதும் இதிலிருந்துதான் தொடங்குகிறது.

5/
முதலில் ஒரு அடிப்படைக் கேள்வி. காரை ஏன் ஒருவர் முன்னால் நின்று கையால் சுற்ற வேண்டும்?

பெட்ரோல் இன்ஜின் தானாகத் தொடங்காது. பிஸ்டன் கீழே இறங்கி பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை உறிஞ்ச வேண்டும். மேலே ஏறி அதை அழுத்த வேண்டும். அப்போது தீப்பொறி விழுந்தால்தான் வெடித்து பிஸ்டனைக் கீழே தள்ளும். பிறகு புகை வெளியே போகும். ஒருமுறை ஓட ஆரம்பித்தால் ஒரு வெடிப்பின் வேகமே அடுத்த அழுத்தத்தைச் செய்துவிடும். ஆனால் அந்த முதல் உறிஞ்சலையும் முதல் அழுத்தத்தையும் யாராவது வெளியிலிருந்து செய்து கொடுக்க வேண்டும்.

கார்ல் பென்ஸ் தன் மோட்டார் வண்டிக்கு 1886ல் காப்புரிமை வாங்கினார். அதற்குப் பிறகு கால் நூற்றாண்டுக்கு மேல் இந்த வேலையைச் செய்தது மனிதனின் கைதான்.

6/
சரி, ஹேண்டில் ஏன் திருப்பி அடிக்கிறது?

ஊஞ்சல் ஆட்டிவிட்டிருப்பீர்கள். குழந்தை உங்களை நோக்கி வந்து, உச்சியில் ஒரு நொடி நின்று, திரும்பும்போது தள்ளினால் அழகாகப் போகும். இன்னும் உங்களை நோக்கி வந்துகொண்டிருக்கும்போதே தள்ளினால் உங்கள் மணிக்கட்டுதான் வலிக்கும்.

இன்ஜினிலும் அதேதான். வேகமாக ஓடும் இன்ஜினில் பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்பே தீப்பொறி விட வேண்டும். கலவை எரிந்து அழுத்தம் சேர்வதற்குள் பிஸ்டன் உச்சியைத் தாண்டிவிடும். ஆனால் கையால் மெதுவாகச் சுற்றும்போதும் அதே போல முன்கூட்டியே பொறி விழுந்தால், பிஸ்டன் உச்சியைத் தாண்டும் முன்பே வெடிப்பு அதைப் பிடித்துப் பின்னால் தள்ளிவிடும். இன்ஜின் தலைகீழாகச் சுழலும்.

7/
இதில் இன்னொரு விஷயமும் உண்டு. ஹேண்டிலின் முனையில் ஒரு பக்கம் சரிவான பற்கள் இருக்கும். இன்ஜின் சரியான திசையில் கிளம்பிவிட்டால் அந்தச் சரிவு ஹேண்டிலைத் தானாக வெளியே தள்ளிவிடும். நல்ல ஏற்பாடு.

ஆனால் இன்ஜின் எதிர்த்திசையில் திரும்பினால் அதே பற்கள் ஹேண்டிலைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். வெடிப்பின் முழு பலமும் ஹேண்டில் வழியாக உள்ளங்கைக்கு வரும். உள்ளங்கையிலிருந்து மணிக்கட்டின் சிறு எலும்புகளுக்கு. அவை போய் ரேடியஸ் நுனியில் உளி மாதிரி இடிக்கும். நான் எக்ஸ்ரேயில் பார்த்த சாய்வான கோடு அப்படி வந்ததுதான்.

சரியாகப் போனால் கழன்றுகொள்ளும் ஹேண்டில், தவறாகப் போனால் மட்டும் கழலாது. இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

8/
அந்தக் காலத்தில் உலகத்திலேயே அதிகம் பேர் ஹேண்டில் சுற்றிய கார் ஃபோர்டின் மாடல் டி. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் தயாரானது. 2.9 லிட்டர், நான்கு சிலிண்டர், 20 குதிரைசக்தி. அதை ஸ்டார்ட் செய்ய என்னவெல்லாம் செய்ய வேண்டும் என்று பாருங்கள்.

ஹேண்ட் பிரேக் லீவரைப் பின்னால் இழு. ஸ்டீயரிங்குக்கு இடது பக்கம் இருக்கும் பொறி லீவரை முழுக்க மேலே தள்ளு. அப்போதுதான் பொறி தாமதமாக விழும். வலது பக்க லீவரால் பெட்ரோல் கொஞ்சம் கொடு. இறங்கி முன்னால் போ. ரேடியேட்டர் அருகே இருக்கும் சோக் கம்பியை இழுத்துக்கொண்டு ஹேண்டிலைக் கால்வாசி, அரைவாசி திருப்பி கலவையை உள்ளே இழுக்க வை. திரும்ப உள்ளே போய் இக்னிஷன் சாவியைப் போடு. மறுபடி முன்னால் வா. இப்போது இழு. கிளம்பியதும் ஓடிப் போய் லீவர்களைச் சரி செய், இல்லாவிட்டால் நின்றுவிடும்.

குளிர் காலத்தில் இன்னும் மோசம். கியர் பெட்டியில் எண்ணெய் கெட்டியாகி, கார் கிளம்பியதுமே மெல்ல முன்னால் நகர ஆரம்பிக்கும். முன்னால் நிற்பது நீங்கள். உங்கள் பின்னால் ஷெட் சுவர். அதனால் அமெரிக்காவில் பலர் பின் சக்கரம் ஒன்றை ஜாக்கி வைத்துத் தூக்கிவிட்டுத்தான் ஹேண்டிலைத் தொடுவார்கள்.

9/
பிடிக்கும் முறைக்கும் தனிப் பாடம் உண்டு.

இடது கையால் பிடி. கட்டைவிரலை ஹேண்டிலைச் சுற்றிப் போடாதே, மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கம் வை. கீழிருந்து மேலே இழு. மேலிருந்து கீழே ஒருபோதும் அழுத்தாதே.

இதெல்லாம் சும்மா சொன்னதில்லை. முன்னால் நின்று பார்க்கும்போது ஹேண்டில் கடிகார திசையில் சுற்றும். இடது கையால் மேலே இழுக்கும்போது அது திருப்பி அடித்தால் விரல்களைத் திறந்துகொண்டு கையை விட்டு ஓடிவிடும். வலது கையால் கீழே அழுத்தும்போது திருப்பி அடித்தால் நேராக உள்ளங்கைக்குள் வந்து இடிக்கும். கட்டைவிரல் சுற்றியிருந்தால் அதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

நம் டிரைவர் செய்தது அந்த இரண்டாவது முறை. அவரே சொன்னார்: "என் தப்புதான் சார். எங்கப்பா சொல்லிக் குடுத்திருக்காரு, இடது கைல இழுடான்னு. அவசரத்துல மறந்துட்டேன்."

10/
இந்த "என் தப்புதான்" என்ற வார்த்தையை நான் வாரத்துக்கு நாலு முறையாவது கேட்கிறேன். மிஷினில் விரல் போனவர் சொல்வார். சக்கரத்தில் புடவை சிக்கியவர் சொல்வார். கூட வந்தவர்களும் அதையேதான் சொல்வார்கள்: "சொன்னா கேக்கறதில்ல சார், கவனமே கிடையாது."

இவருடைய முதலாளியும் போனில் என்னிடம் அதைத்தான் சொன்னார். நல்ல மனிதர்தான், ஆள் அனுப்பி விசாரித்தவர்தான். ஆனால் அவருக்கும் காரணம் ஒன்றே ஒன்றுதான் தெரிந்தது. "முப்பது வருஷமா ஓட்டறான் டாக்டர், இன்னும் ஹேண்டில் பிடிக்கத் தெரியல."

என் கருத்து வேறு. நூறு பேர் கவனமாக இருந்து ஒருவர் தவறினால் அது அவருடைய கவனக்குறைவு என்று பேசலாம். ஒரு காயத்துக்கு ஒரு தொழிலின் பெயரே வந்துவிட்ட பிறகும் அதைக் கவனக்குறைவு என்று சொல்வது நியாயமில்லை. ஊர் ஊராக, நாடு நாடாக ஒரே எலும்பு ஒரே மாதிரி உடைகிறது என்றால் தப்பு எலும்பின் சொந்தக்காரரிடம் இல்லை. அந்த இயந்திரத்தில் இருக்கிறது.

11/
இதற்கு வரலாறே சாட்சி.

அமெரிக்காவில் பைரன் கார்ட்டர் என்று ஒரு கார் தயாரிப்பாளர் இருந்தார். 1908ல் இறந்தார். கேடிலாக் கம்பெனியின் கதையில் திரும்பத் திரும்ப சொல்லப்படும் சம்பவம் இது: டெட்ராய்ட்டில் ஒரு பாலத்தில் நின்றுபோன காரோடு தவித்த பெண்ணுக்கு உதவப் போனார் கார்ட்டர். ஹேண்டில் திருப்பி அடித்துத் தாடையைப் பெயர்த்தது. அதைத் தொடர்ந்த சிக்கல்களில் உயிர் போனது. இந்தச் செய்தி அவருடைய நண்பரும் கேடிலாக்கின் தலைவருமான ஹென்றி லீலண்டை உலுக்கியது என்பார்கள். சொல்பவருக்குச் சொல்பவர் விவரங்கள் கொஞ்சம் மாறும்.

டாக்டராக ஒன்று சேர்க்கிறேன். பென்சிலினை ஃபிளெமிங் கண்டுபிடித்ததே 1928ல். மக்கள் கைக்கு வந்தது 1940களில். அதற்கு முன்பு வாய்க்குள் திறந்த தாடை முறிவு என்பது இன்று நாம் நினைப்பது போல "கம்பி கட்டினால் சரியாகிவிடும்" சமாச்சாரம் இல்லை. சீழ் பிடித்தால் உயிருக்கே உலைதான்.

12/
இங்கே கவனியுங்கள். கார்ட்டர் யாரோ கற்றுக்குட்டி இல்லை. கார் தயாரித்து விற்றவர். பொறி லீவரும் கட்டைவிரல் பாடமும் அவருக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது. தெரிந்தவர்களுக்கும் அடி விழத்தான் செய்தது.

லீலண்டின் கம்பெனிக்காக இதைத் தீர்த்தவர் ஓஹாயோவின் சார்லஸ் கெட்டரிங். அதற்கு முன்பும் பலர் முயன்றார்கள். அழுத்திய காற்று, முறுக்கிய ஸ்பிரிங், அசெட்டிலீன் வாயு என்று விதவிதமாக. மின் மோட்டார் வைக்கலாம் என்றால், அவ்வளவு பலமான மோட்டாரும் பேட்டரியும் காரில் ஏற்ற முடியாத அளவு கனமாக இருக்கும் என்று நினைத்தார்கள்.

கெட்டரிங் அதற்கு முன்பு கடைகளில் இருக்கும் கல்லாப்பெட்டிக்கு மின் மோட்டார் வைத்தவர். கல்லாப்பெட்டி நாள் முழுக்க ஓடாது. சில நொடி வேலை, பிறகு ஓய்வு. அப்படியென்றால் சின்ன மோட்டாரையே அதன் சக்திக்கு மேல் சில நொடி வேலை வாங்கலாம், சூடாவதற்குள் நின்றுவிடும். காரைக் கிளப்பவும் அந்தச் சில நொடி போதும். கிளம்பிய பிறகு அதே கருவி ஜெனரேட்டராக மாறி பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும்.

1911ல் செய்து காட்டினார். 1912 மாடல் கேடிலாக்கில் அது வந்தது.

13/
இது யாருக்கு முதலில் கிடைத்தது என்பதும் முக்கியம்.

கேடிலாக் வசதியானவர்களின் கார். மாடல் டி-யைப் போல இரண்டு மடங்குக்கு மேல் விலை. விவசாயியும் சின்ன வியாபாரியும் வாங்கிய மாடல் டி-யில் மின் ஸ்டார்ட்டர் வந்தது 1919ல். ஏழு வருடம் தள்ளி. அந்த ஏழு வருடத்தில் அந்தக் கார்கள் லட்சக்கணக்கில் விற்றன. அத்தனையும் கையால் சுற்றிக் கிளப்பியவை.

இன்னொரு தகவல். ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா எந்தக் காரை ஓட்டினார் தெரியுமா? 1914ல் வந்த டெட்ராய்ட் எலெக்ட்ரிக். பேட்டரி கார். ஹேண்டில் கிடையாது, சத்தம் கிடையாது. உலகத்துக்கே ஹேண்டில் கார் விற்றவர் வீட்டிலேயே ஹேண்டில் இல்லாத கார் நின்றது.

பாதுகாப்பு என்பது எப்போதும் விலையுயர்ந்த மாடலில்தான் முதலில் வரும். கீழே இறங்க வருடங்கள் ஆகும். இடைப்பட்ட காலத்தில் கீழே இருப்பவர்களுக்குக் கிடைப்பது "ஜாக்கிரதையாக இரு" என்ற அறிவுரை மட்டும்.

14/
"அப்போ கவனமே வேண்டாமா டாக்டர்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

வேண்டும். இடது கை, கட்டைவிரல் பாடம் உண்மையிலேயே பல கைகளைக் காப்பாற்றியிருக்கும். ஸ்டார்ட்டர் வராத ஒரு காரை வைத்திருப்பவருக்கு அந்தப் பாடத்தை விட்டால் வேறு வழியும் கிடையாது. கீழே நானே எழுதியிருக்கிறேன்.

ஆனால் அறிவுரை வேலை செய்வது நாம் நிதானமாக இருக்கும் நாளில். மாப்பிள்ளை காத்திருக்கும்போது, மழை பெய்யும்போது, முதலாளி கத்தும்போது, 58 வயதில் இரண்டு முறை சுற்றிக் களைத்த பிறகு, கை தனக்கு எது சுலபமோ அதைத்தான் செய்யும். வலது கை, முழு பலம், கீழ்நோக்கி அழுத்தம். எந்த மனிதனின் கையும் அப்படித்தான். அந்த நாளிலும் ஆளைக் காப்பாற்ற வேண்டும் என்றால் மாற வேண்டியது இயந்திரம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்டார்ட்டர் வந்தது டிரைவர்கள் மேல் இரக்கப்பட்டு மட்டும் இல்லை. ஹேண்டில் இல்லாத கார் இன்னும் நிறைய பேர் வாங்குவார்கள், பெண்கள் ஓட்டுவார்கள் என்ற வியாபாரக் கணக்கும் இருந்தது. இருக்கட்டுமே. எந்தக் கணக்கில் வந்தாலும் மணிக்கட்டு தப்பித்தது.

15/
இதெல்லாம் அமெரிக்கக் கதை, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம்.

நம் ஊரில் அம்பாசடரும் பத்மினியும் ஓட்டிய பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். டிக்கியில் ஜாக்கியோடு ஒரு ஹேண்டிலும் கிடந்திருக்கும். பேட்டரி இறங்கினால் அதுதான் கதி. வயலில் கரண்ட் இல்லாத கிணற்றுக்கு ஆயில் இன்ஜின் இன்றும் பல இடங்களில் ஹேண்டில் போட்டுத்தான் கிளம்புகிறது. டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. ஆனால் சுற்றும் வேகம் போதாமல் அழுத்தத்தில் மாட்டினால் அதுவும் திருப்பி அடிக்கும். கிளம்பிய பிறகு ஹேண்டில் கழலாமல் தண்டோடு சேர்ந்து சுற்றினால் அதைவிட ஆபத்து.

16/
நல்ல செய்தியும் நம்மிடம் உண்டு.

பைக்கின் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்பி வலை இருக்கிறதே, சேலை கார்டு. அது அழகுக்கு வைத்தது இல்லை. பின்னால் உட்காருபவரின் துணி சிக்காமல் பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைப்பு இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 123 சொல்கிறது. "முந்தானையைச் செருகிக்கொண்டு உட்காரம்மா" என்ற அறிவுரையை மட்டும் நம்பாமல் வண்டியில் ஒரு மாற்றம் செய்தார்கள். அதைக் கழற்றிவிட்டு "லுக் நல்லா இருக்கு" என்கிறோம். கழுத்தில் துப்பட்டா இறுகி வரும் பெண்ணை ஒருமுறை பார்த்தால் யாரும் கழற்ற மாட்டீர்கள்.

ஏபிஎஸ் பிரேக்கும் அப்படித்தான். முதலில் விலை அதிகமான பைக்குகளில் மட்டும் இருந்தது. 125 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வண்டிகளில் கட்டாயம் என்று 2019 ஏப்ரலில் முழுமையாக வந்தது. அதுவரை "சடன் பிரேக் போடாதே" என்பதுதான் நம் பாதுகாப்பு.

17/
இனி என் மேஜைக்கு வருகிறேன்.

அரசு மருத்துவமனையில் அடிபட்டு வருபவர்களுக்கு ஏ.ஆர் என்று ஒரு பதிவு போடுவோம். எப்படி அடிபட்டது என்று ஒரு வரி எழுத வேண்டும். அவசரத்தில் அந்த வரி எப்போதும் நோயாளியைப் பற்றியே முடிந்துவிடும். "கையை விட்டார்", "கவனிக்காமல் போனார்", "தவறாகப் பிடித்தார்". நாளைக்கு அவர் இழப்பீடு கேட்டுப் போனால் அந்த வரியைத்தான் காட்டுவார்கள்.

அன்று நானும் "ஹேண்டிலைத் தவறாகப் பிடித்ததால்" என்று எழுத ஆரம்பித்தேன். அவரே சொன்னதுதானே? பேனாவை நிறுத்திவிட்டு, நடந்ததை மட்டும் எழுதினேன். பழைய காரைக் கைப்பிடியால் ஸ்டார்ட் செய்யும்போது இன்ஜின் எதிர்த்திசையில் திரும்பி, கைப்பிடி வலது உள்ளங்கையில் அடித்தது. அவ்வளவுதான். யார் தப்பு என்று தீர்ப்பு எழுதுவது என் வேலை இல்லை.

சக டாக்டர்களுக்கும், மிஷினில் ஆள் வைத்து வேலை வாங்கும் எல்லோருக்கும் என் வேண்டுகோள் இதுதான். அடிபட்டவரிடம் "ஏன் அப்படிச் செய்தாய்?" என்று கேட்பதற்கு முன்பு "இதே மிஷினில் இதற்கு முன்னால் யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?" என்று கேளுங்கள். "ஆமாம்" என்று பதில் வந்தால் மிஷினைப் போய்ப் பாருங்கள்.

18/
பழைய கார், ஆயில் இன்ஜின் வைத்திருப்பவர்களுக்கு:

- பேட்டரியைச் சரியாக வைத்திருங்கள். ஹேண்டில் கடைசி வழியாக இருக்கட்டும்.
- டைமிங்கைத் தெரிந்த மெக்கானிக்கிடம் பார்க்கச் சொல்லுங்கள். பொறியைத் தாமதப்படுத்தும் லீவர் உள்ள காரில் அதை முழுக்கத் தாமதத்தில் வைத்த பிறகே ஹேண்டிலைத் தொடுங்கள்.
- நியூட்ரல், ஹேண்ட் பிரேக் இரண்டையும் நீங்களே கையால் தொட்டுப் பாருங்கள். சுவருக்கும் காருக்கும் நடுவில் நிற்காதீர்கள்.
- கலவை இழுப்பதற்காகத் திருப்பும்போது இக்னிஷன் அணைந்திருக்கட்டும்.
- இடது கை. கட்டைவிரல் மற்ற விரல்களோடு. கீழிருந்து மேலே அரைச் சுற்று இழுப்பு மட்டும். தொடர்ந்து சுற்ற வேண்டாம்.
- தோளில் துண்டு, தொங்கும் சால்வை வேண்டாம். குழந்தைகள் தள்ளி நிற்கட்டும்.
- டீசல் இன்ஜினில் டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கி வைத்து, நல்ல வேகம் வந்த பிறகே விடுங்கள். ஹேண்டில் மாட்டும் முனை தேய்ந்திருந்தாலோ துருப்பிடித்திருந்தாலோ மாற்றிவிடுங்கள். கழலாத ஹேண்டிலால் கையோ உயிரோ போகலாம்.

19/
மணிக்கட்டில் அடிபட்டால், அது எதனால் பட்டிருந்தாலும்:

- எண்ணெய் போட்டு உருவாதீர்கள். இழுத்து நிமிர்த்தாதீர்கள்.
- மோதிரம், வளையல், வாட்ச், காப்புக் கயிறு எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள். வீங்கிய பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.
- மடித்த செய்தித்தாளோ அட்டையோ வைத்து, உள்ளங்கையிலிருந்து முழங்கைக்குக் கீழே வரை அசையாமல் கட்டுங்கள். இறுக்கமாக வேண்டாம். கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வையுங்கள். துணியில் சுற்றிய ஐஸ் வைக்கலாம்.
- விரல் மரத்துப்போனாலோ, வெளுத்தாலோ, நீலமானாலோ, தோல் கிழிந்து எலும்புப் பக்கம் காயம் இருந்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். ஆபரேஷன் தேவைப்படலாம், வழியில் வயிறு நிறைய சாப்பிடக் கொடுக்க வேண்டாம்.
- கட்டைவிரல் பக்கம் தொட்டால் வலிக்கிறது, ஆனால் முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றால் அதோடு விடாதீர்கள். சில முறிவுகள் பத்துப் பதினாலு நாள் கழித்து எடுக்கும் படத்தில்தான் தெரியும்.
- நாட்டுக் கட்டு போடுவதற்கு முன்பு ஒரு எக்ஸ்ரே. மூட்டுக்குள் போன முறிவு நகர்ந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டால், பின்னாளில் அந்த மூட்டு தேய்ந்து வாழ்நாள் முழுக்க வலிக்கும். அரசு மருத்துவமனைகளில் இதைப் பார்க்க வசதி இருக்கிறது, வாருங்கள்.

20/
நம் டிரைவரை அன்றே மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்பினோம். எலும்பு முறிவு டாக்டர்கள் இரண்டு கம்பி வைத்து அந்தத் துண்டை நிறுத்தினார்கள். செலவு இல்லை. ஆறு வாரம் கழித்துக் கம்பி எடுத்தார்கள். போன வாரம் எங்கள் ஆஸ்பத்திரிக்கு விரல் பயிற்சி பற்றிக் கேட்க வந்தார். கை முழுசாக மடங்கவில்லை. டம்ளர் பிடிக்கிறார், கியர் போடும்போது வலிக்கிறது என்கிறார். இன்னும் கொஞ்சம் மாதம் ஆகும்.

அதற்கிடையில் அந்தக் காரை வேறு மெக்கானிக்கிடம் காட்டியிருக்கிறார்கள். கடைசியாக சர்வீஸ் செய்தபோது டைமிங்கை அளவுக்கு மேல் முன்னால் வைத்துவிட்டிருந்தார்களாம். வலது கையோ இடது கையோ, அன்று அந்தக் கார் யாரையாவது அடித்தே தீர்ந்திருக்கும். இடது கையாக இருந்திருந்தால் ஒருவேளை எலும்பு தப்பியிருக்கும்.

முதலாளி புது பேட்டரி வாங்கிப் போட்டுவிட்டார். ஹேண்டிலைக் கழற்றி வீட்டு ஹாலில் மாட்டி வைத்திருக்கிறாராம், அலங்காரமாக.

கிளம்பும்போது அவரிடம் சொன்னேன்: "ஐயா, டைமிங் தப்பா இருந்திருக்கு. உங்க தப்பு இல்ல."

கொஞ்ச நேரம் கையையே பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு கேட்டார்:

"இத நீங்களே எங்க முதலாளிகிட்ட ஒரு வார்த்தை போன்ல சொல்லுவீங்களா சார்?"

அங்கேயே போன் போட்டுச் சொன்னேன்.

வீட்டில் ஹேண்டில் போட்டுக் கிளப்பும் ஆயில் இன்ஜின் உள்ள சொந்தக்காரர்களுக்கு 18, 19 இரண்டையும் மட்டுமாவது அனுப்பிவிடுங்கள்.